பழைய படத்தில் ஒரு விமானம்

கொல்லிமலையில் சாமை பயிரிடும் முதிய உழவர்கள், கதிர் ஒன்றைக் கையில் எடுத்த அளவிலேயே அஃது இன்ன வகை என்று கூறிவிடுவர். சமவெளியிலிருந்து செல்வோர் கண்ணுக்கு எல்லாம் ஒரே சாமைதான். ஆனால், அம்மலையில் வெள்ளைப் பெருஞ்சாமை உண்டு; மல்லியச்சாமை உண்டு; சடஞ்சாமையும் உண்டு. கதிரின் நெருக்கம், மணியின் நிறம், தாளின் உயரம், விளைவதற்கு ஆகும் நாள் ஆகியவற்றைக் கொண்டு அவர்கள் வகை பிரிக்கின்றனர். அந்த வேறுபாடுகளை எவரும் ஏட்டில் எழுதி அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. பார்த்துப் பார்த்துக் கண் பழகியது. பழகிய கண்ணுக்கு வேறுபாடு தானே புலப்பட்டது. மரவள்ளிச் சாகுபடி மலைமீது பரவிய பின்னர்ச் சாமைக் கொல்லைகள் சுருங்கின. வகைகளைப் பெயர் சொல்லிப் பிரித்துக் காட்ட வல்லவர்களும் அருகி வருகின்றனர்.

இதனை ஒத்த அறிவு, உழவுக்குச் சற்றும் தொடர்பில்லாத வேறொரு துறையிலும் வேண்டப்படுகிறது. பழைய விமானங்களைப் புகைப்படத்தைக் கொண்டே அடையாளம் காண்பது அத்துறையாகும். பழைய குடும்பங்களின் பெட்டிகளிலும், விமானப் பயிற்சிக் கழகங்களின் அலமாரிகளிலும், செய்தித்தாள் அலுவலகங்களின் சேமிப்புகளிலும் எத்தனையோ விமானப் படங்கள் கிடக்கின்றன. அவற்றுட் பலவற்றின் பின்புறம் வெறுமையாக இருக்கும். சிலவற்றில் ‘விமானம்’ என்ற ஒரு சொல் மட்டும் எழுதப்பட்டிருக்கும். இன்னும் சிலவற்றில் பெயரும் ஆண்டும் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் இரண்டும் தவறாக இருக்கும். இம்மூன்று வகையுள் இறுதியில் கூறியதே மிகவும் இடர் தருவது. ஒரு நூலில் ஏறிய தவறான குறிப்பு அடுத்த நூலுக்கும், அதிலிருந்து அதற்கடுத்த நூலுக்கும் தாவிச் செல்லும். பத்து நூல்களில் ஒரே குறிப்பைக் கண்டவன், பத்துச் சான்றுகள் உள்ளன என்று எண்ணிவிடுவான். உண்மையில் உள்ளது ஒரு சான்று, அதுவும் பொய்ச்சான்று.

விமானத்தை உருவத்தால் அறியும் கலை வேடிக்கைக்காகத் தோன்றியதன்று. 1909-ஆம் ஆண்டிலேயே பிரெட் ஜேன் என்னும் ஆங்கிலேயர், உலகில் அன்றிருந்த வானக்கலங்களை எல்லாம் தொகுத்து ஓர் ஆண்டு நூல் வெளியிட்டார். எனினும், இக்கலையை உயிர் காக்கும் கலையாக ஆக்கியது போர்தான். இரண்டாம் உலகப் போர் தொடங்கி மூன்றே நாள் கழிந்திருந்தது. 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள், இங்கிலாந்தின் வானில் ஸ்பிட்பயர் விமானங்கள் தம் நாட்டு ஹரிக்கேன் விமானங்கள் இரண்டைப் பகைவர் விமானம் என்று கருதிச் சுட்டு வீழ்த்தின. விமானி ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகு, விமானங்களின் கரிய நிழலுருவங்கள் அச்சிடப்பட்ட அட்டைகளும் சுவரொட்டிகளும் பெருகின. முன்னிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி, கீழிருந்து பார்த்தால் எப்படி என்று மூன்று உருவங்கள் ஒவ்வொரு விமானத்துக்கும் தரப்பட்டன. பீரங்கி வீரரும், காவல் மேடையில் நின்ற தொண்டரும் அவற்றை மனப்பாடம் செய்தனர். இன்று பழம்படங்களை ஆராய்வோர் கையாளும் முறை பெரும்பாலும் அந்நிழலுரு அட்டைகளிலிருந்து வந்ததே.

அம்முறை யாது? முதலில் முழு உருவத்தைப் பார்த்தல் வேண்டும். இறக்கை ஓரடுக்கா, ஈரடுக்கா? ஓரடுக்காயின் அஃது உடலின் மேற்புறம் பொருத்தப்பட்டுள்ளதா, நடுவிலா, அடியிலா? எஞ்சின் எத்தனை? சக்கரங்கள் வெளியே நிற்பனவா, உள்ளே மடங்குவனவா? விமானி அமரும் இடம் திறந்துள்ளதா, மூடியுள்ளதா? இவ்வளவையும் ஒரு நொடியில் கண்டுவிடலாம். இதனால் நூற்றுக்கணக்கான விமான வகைகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். அந்தச் சிலவற்றுள் இஃது எது என்று துணிவதில்தான் உழைப்பு இருக்கிறது.

எஞ்சினின் முகம் பெருந்துணை செய்யும். சிலிண்டர்கள் சக்கரத்தின் ஆரங்களைப் போல் வட்டமாக அமைந்திருந்தால் விமானத்தின் மூக்கு வட்டமாகவும் அகலமாகவும் இருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் அமைந்திருந்தால் மூக்கு ஒடுங்கி நீண்டிருக்கும். வரிசை எஞ்சினிலும் இருவகை உண்டு: சிலிண்டர்கள் மேல்நோக்கி நிற்பது ஒன்று, தலைகீழாகத் தொங்குவது மற்றொன்று. நம் நாட்டு விமானக் கழகங்களில் ஒரு காலத்தில் மிகுதியாக இருந்த ஜிப்சி மாத், டைகர் மாத் என்னும் இரண்டையும் இதனால் எளிதில் பிரிக்கலாம். ஜிப்சி மாத்தின் எஞ்சின் நிமிர்ந்தது. ஆகவே, அதன் சிலிண்டர் தலைகள் மூக்கின் மேல் துருத்திக்கொண்டு தோன்றும். முன்விசிறியின் நடுப்புள்ளி தாழ்ந்திருக்கும். 1931-ஆம் ஆண்டு முதன்முதல் பறந்த டைகர் மாத்திலோ எஞ்சின் தலைகீழானது. அதன் மூக்கின் மேற்புறம் வழுவழுப்பாக இருக்கும்; முன்விசிறி உயர்ந்து நிற்கும்.

ஆனால், இந்த ஓர் அடையாளத்தை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறுபவன் இடறி விழுவான். ஜிப்சி மாத்தின் குடும்பத்திலேயே பிற்காலத்தில் தலைகீழ் எஞ்சின் பொருத்திய வகையும் வெளிவந்தது. ஆகவே, இறக்கையையும் பார்த்தல் வேண்டும். டைகர் மாத்தின் இறக்கைகள் நுனி நோக்கிப் பின்புறம் சாய்ந்திருக்கும். இதற்கு ஒரு காரணம் உண்டு. முன் இருக்கையில் அமர்ந்த ஆசிரியர், இடர் நேர்ந்தபோது பாராசூட்டுடன் வெளியே குதிக்க வேண்டும். தலைக்கு நேர் மேலே இறக்கையும் அதைத் தாங்கும் தண்டுகளும் இருந்தால் எப்படிக் குதிப்பது? அதனால், மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னுக்குத் தள்ளினர். தள்ளியதால் எடையின் சமநிலை கெட்டது. அதனைச் சரிசெய்ய இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்தனர். படத்தில் நாம் காணும் சாய்வு அழகுக்காக அமைந்ததன்று. ஒரு மனிதன் குதித்துத் தப்புவதற்காக அமைந்தது. விமானத்தின் ஒவ்வொரு வளைவுக்கும் இப்படி ஒரு காரணம் இருத்தலின், காரணத்தை அறிந்தவன் அடையாளத்தை மறப்பதில்லை.

மாத் என்பது அந்துப்பூச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். இவ்விமானங்களைக் கட்டிய ஜெப்ரி டி ஹாவிலண்டு பூச்சியினங்களில் பெருவிருப்பம் உடையவர்; ஆதலின், தம் விமானங்களுக்கு அந்துப்பூச்சிகளின் பெயர்களையே சூட்டினார். அவர் நிறுவனத்து விமானங்களின் வாலைக் கண்டால், ஒரே குடும்பத்து மக்களின் மூக்கைக் கண்டாற்போல் இருக்கும். நேர்நிற்கும் வால்தகடும் சுக்கானும் சேர்ந்து ஒருவகை வளைகோட்டை அமைக்கும். சிறிய மாத் முதல் ஈரெஞ்சின் பயணியர் விமானம் வரை அந்த வளைவு தொடர்ந்து வரும். படத்தில் விமானத்தின் முன்பாதி முழுதும் மக்கள் கூட்டத்தால் மறைந்திருந்தாலும், வால் நுனி தெரிந்தால் போதும். இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம்.

ஆயினும், வால் சில வேளைகளில் ஏமாற்றும். இந்திய விமானப்படையின் முதல் அணி 1933-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் கராச்சியில் தொடங்கப்பெற்றபோது, அதனிடம் இருந்தவை வாப்பிட்டி என்னும் ஈரடுக்கு விமானங்கள் நான்கே. வாப்பிட்டி புதிதாக வரையப்பட்டபோது, அதற்கு முன்னைய டி.எச். 9ஏ என்னும் விமானத்தின் உதிரி உறுப்புகள் பெருமளவில் கையிருப்பில் இருந்தன. சிக்கனம் கருதி, அவற்றையே பயன்படுத்துமாறு வாப்பிட்டியை அமைத்தனர். ஆகவே, பின்புறமிருந்து எடுத்த படத்தில் ஒன்று மற்றொன்றாகத் தோன்றும். முகத்தைப் பார்த்தால் ஐயம் அகலும். 9ஏ விமானத்தின் முன்புறம் பழைய மோட்டார் வண்டியின் முகப்பைப் போல் சதுரமாக இருக்கும். வாப்பிட்டியின் முகத்தில் சிலிண்டர்கள் வட்டமாக விரிந்து நிற்கும். வாப்பிட்டி ஒன்றைத் தில்லிப் பாலத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் காணலாம்.

இனி, இக்கலையின் பயனை நன்கு விளக்கும் ஒரு செய்தியைக் காண்போம். 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் காலை 6.35 மணிக்கு, ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து சிறு விமானம் ஒன்றில் தனியாகப் புறப்பட்டார். இந்தியாவில் முதன்முதலாக வழங்கப்பட்ட விமானி உரிமத்தை 1929-ஆம் ஆண்டில் பெற்றவர் அவர். விமானத்தில் இருந்தது 25 கிலோ எடையுள்ள அஞ்சல். ஆமதாபாத்தில் இறங்கினார், எரிபொருள் மாட்டுவண்டியில் வந்தது. மீண்டும் எழுந்து, பிற்பகல் 1.50 மணிக்குப் பம்பாயின் ஜுஹூ திடலில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்னும் விமானி அஞ்சலை ஏற்றுக்கொண்டு, பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னையை அடைந்தார். பின்னாளில் ஏர் இந்தியாவாக வளர்ந்த நிறுவனத்தின் தொடக்கம் அது. அன்று பறந்த விமானம் பஸ் மாத்.

ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. 1982-ஆம் ஆண்டு அதே அக்டோபர் 15-ஆம் நாள், எழுபத்தெட்டு வயது நிரம்பிய டாட்டா, அந்தப் பயணத்தை நினைவுகூர்ந்து கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மீண்டும் தனியாகப் பறந்தார். இம்முறை அவர் ஓட்டியது லெப்பர்ட் மாத். இரண்டும் உயரத்தில் அமைந்த ஓரடுக்கு இறக்கை உடையவை. இரண்டிலும் விமானி மூடிய அறையில் அமர்வார். இரண்டின் எஞ்சினும் தலைகீழ் வரிசை எஞ்சினே. வாலின் வளைவும் அதே குடும்ப வளைவு. 1982-ஆம் ஆண்டுப் படம் ஒன்றைக் கருப்பு வெள்ளையில் அச்சிட்டு, அதன்கீழ் ‘1932’ என்று எழுதிவிட்டால் எத்தனை பேர் ஐயுறுவர்?

விமானத்தை உற்று நோக்குபவன் ஐயுறுவான். பஸ் மாத்தின் இறக்கை, உடலருகே எவ்வளவு அகலமோ ஏறத்தாழ அவ்வளவு அகலத்தோடு நுனிவரை செல்லும். லெப்பர்ட் மாத்தின் இறக்கை நுனி நோக்கிக் குறுகும். படம் பக்கவாட்டில் எடுக்கப்பட்டு இறக்கையின் வடிவம் தெரியாமற் போனால், சக்கரத்தைப் பார்க்கலாம். சக்கரத்தின் அதிர்ச்சியைத் தாங்கும் தண்டு, பஸ் மாத்தில் அறையின் பக்கத்தை ஒட்டி இறக்கையின் அடிவரை நெட்டுக்குத்தாக ஏறும். லெப்பர்ட் மாத்திலோ அறைக்கு முன்னே, எஞ்சினுக்குப் பின்னுள்ள சுவரைச் சென்று பற்றும். அறைக்குள் பார்க்க முடிந்தால் இன்னும் நன்று. பஸ் மாத்தில் விமானியின் பின்னால் பயணி அமர்வார். லெப்பர்ட் மாத்தில் விமானி முன்னே நடுவில் அமர, பின்னே இருவர் அருகருகே அமர இடம் உண்டு.

இவற்றைக் கண்டு ‘இது லெப்பர்ட் மாத்’ என்று துணிந்துவிட்டால், அடுத்த படி தானே வந்து நிற்கும். லெப்பர்ட் மாத்தின் முதற்படி வானில் எழுந்தது 1933-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள். அதற்கு முன் எடுக்கப்பட்ட எந்தப் படத்திலும் லெப்பர்ட் மாத் இருக்க இயலாது. ஆகவே, அந்தப் படத்தின்கீழ் 1932 என்று யார் எழுதியிருந்தாலும் அது பொய். எழுதியவர் பெரிய அறிஞராயினும், நேரில் கண்டதாகக் கூறுபவராயினும், தீர்ப்பு மாறாது. ஒரு சக்கரத் தண்டின் நிலை ஐம்பது ஆண்டுத் தவற்றைத் திருத்திவிடுகிறது.

பஸ் மாத்திலும் காலத்தைக் காட்டும் நுட்பமான அடையாளம் ஒன்று உண்டு. 1930-ஆம் ஆண்டு முதல் அவ்வகை விமானங்கள் சில நடுவானில் இறக்கை முறிந்து வீழ்ந்தன, பலர் மாண்டனர். காரணம் கண்டறிந்த பின்னர், இறக்கையைத் தாங்கும் முன்தண்டின் நடுப்பகுதியிலிருந்து இறக்கையின் அடிப்பகுதிக்குச் சிறு தண்டு ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தினர். விரற்கடை அளவே படத்தில் தெரியும் அந்தத் தண்டு, ‘இந்தப் படம் திருத்தம் செய்த பின் எடுத்தது’ என்று சொல்லும். அஃது இறந்தவர்களின் பொருட்டு வந்த தண்டு என்பதையும் அறிந்து பார்ப்பவன், அதனைத் தாண்டிச் செல்லமாட்டான்.

உருவத்துக்கு அடுத்தபடி எழுத்து. பொதுமக்கள் பயன்படுத்தும் விமானம் ஒவ்வொன்றுக்கும் அதன் நாடு பதிவெழுத்து வழங்குகிறது. இந்திய விமானங்களுக்கு வி, டி என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் முன்னிற்கும். அவற்றை அடுத்து மூன்று எழுத்துகள் வரும். இம்முறை 1929-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிரிட்டனுக்கு உரிய ஜி என்னும் எழுத்தும், இந்தியாவைக் குறிக்கும் ஐ என்னும் எழுத்தும் முன்னிற்கும். இலங்கை விமானங்களுக்கு ஆங்கிலேயர் ஆட்சியில் வி, பி, சி என்னும் எழுத்துகள் முன்னின்றன. பிற்காலத்தில் 4 என்னும் எண்ணும் ஆர் என்னும் எழுத்தும் வந்தன. ஐந்து எழுத்தும் தெளிவாகத் தெரிந்தால் ஆராய்ச்சி ஏறக்குறைய முடிந்தது. பதிவேட்டைப் புரட்டி வகை, உரிமையாளர், பதிவு நீங்கிய நாள் ஆகிய அனைத்தையும் அறியலாம். ஆனால், எழுத்து முழுதும் தெரியும் படங்கள் ஆராய்ச்சிக்கு வருவதில்லை. இரண்டாம் எழுத்தை ஒரு பயணியின் தொப்பி மறைத்திருக்கும். நான்காம் எழுத்தில் நிழல் விழுந்திருக்கும். அப்போது, எஞ்சிய எழுத்துகளோடும் உருவத்தோடும் பொருந்துவன எவை எவை என்று பதிவேட்டில் தேடிப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாக விலக்குதல் வேண்டும்.

போர் விமானங்களில் பதிவெழுத்தைவிட வட்டச் சின்னமே விரைந்து பேசும். பிரிட்டனின் சின்னம் நீலம், வெள்ளை, சிவப்பு ஆகிய வளையங்களால் ஆனது, நடுவில் சிவப்பு. ஜப்பானியச் சின்னமோ முழுச் சிவப்பு வட்டம். 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் கொழும்பையும், 9-ஆம் நாள் திருகோணமலையையும் ஜப்பானிய விமானங்கள் தாக்கின. கீழைக்கடற் பகுதியில் நண்பரும் பகைவரும் ஒரே வானில் கலந்து போரிட்ட காலம் அது. விரைந்து செல்லும் விமானத்தில் சிவப்புப் புள்ளி ஒன்றைக் கண்டவுடன் சுடத் துடிக்கும் கைக்கு, வளையங்களை எண்ணிப் பார்க்க நேரம் ஏது? ஆகவே, இப்பகுதியில் பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானங்களின் சின்னத்திலிருந்து சிவப்பை நீக்கிவிட்டனர். பின்னர் நீலத்தில் இருவகைச் சாயல் மட்டும் எஞ்சியது. நாடு விடுதலை பெற்ற பின் இந்திய விமானப்படை அசோகச் சக்கரத்தைச் சின்னமாகப் பூண்டது. 1950-ஆம் ஆண்டில் நாடு குடியரசானபோது மூவண்ண வட்டம் வந்தது. இதனால் ஆராய்வோர்க்குக் கிடைக்கும் நன்மை பெரிது. டெம்பெஸ்ட் போர் விமானத்தின் பக்கத்தில் அசோகச் சக்கரம் தெரிந்தால், அந்தப் படம் 1947-க்கும் 1950-க்கும் இடைப்பட்டது என்று துணியலாம். வேறு சான்று எதுவும் வேண்டா.

வண்ணங்களைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். பழைய படம் கருப்பு வெள்ளையில் உள்ளது. அந்தக் கருப்பும் வெள்ளையும் நம் கண் காணும் கருமையும் வெண்மையும் அல்ல. முற்காலத்துப் படத்தகடுகளிலும் படச்சுருள்களிலும் பூசப்பட்ட வேதிப்பொருள் நீல ஒளியை மிகுதியாக உணரும். சிவப்பு ஒளியை உணரவே உணராது. ஆதலின், அத்தகைய சுருளில் எடுத்த படத்தில் சிவப்பு நிறம் கரியதாகத் தோன்றும், மஞ்சளும் கருத்துவிடும், நீலமோ வெளிறி வெண்மையை நெருங்கும். எல்லா நிறங்களையும் உணரும் சுருள் பரவிய பின் இந்நிலை மாறியது. இதனை அறியாதவர், மஞ்சள் வளையம் சூழ்ந்த சின்னத்தைக் கருவளையம் சூழ்ந்தது என்று எழுதினர். அதைப் பார்த்து மாதிரி விமானம் செய்தவர்கள் கருப்பு மையையே தீட்டினர்.

படம் இடவலமாக மாறி அச்சாகியிருப்பதும் உண்டு. படம் எடுத்த கண்ணாடித் தகட்டைப் புரட்டிப் போட்டு அச்சிட்டால் இது நேரும். எழுத்து இருந்தால் உடனே தெரிந்துவிடும். எழுத்தில்லாத இடத்தில், விமானத்தின் அருகே நிற்கும் ஆடவரின் சட்டையைப் பார்க்க வேண்டும். பை வலப்புறத்தில் இருந்து, பொத்தான் வரிசையும் மாறியிருந்தால், மாறியது சட்டையன்று, படம்.

விமானத்தைச் சூழ்ந்துள்ள பொருள்களையும் புறக்கணித்தல் ஆகாது. அருகில் நிற்கும் மனிதனின் உயரத்தைக் கொண்டு இறக்கையின் நீளத்தை மதிப்பிடலாம். நிழலின் நீளம் பொழுதைச் சொல்லும். பின்னணியில் மலை தெரிந்தால் அது பெரும்பேறு. கொட்டகை இடியும், மரம் சாயும், மலைமுகட்டின் கோடு பல தலைமுறைக்கும் அப்படியே நிற்கும். நாமக்கல் பக்கத்திலிருந்து நோக்குவோர்க்குக் கொல்லிமலை சுவர் எழுப்பினாற்போல் எழுந்து, உச்சியில் நீண்டு கிடக்கும். அந்தக் கோட்டை ஒரு முறை மனத்தில் பதித்தவர் எந்தப் படத்திலும் அதனை அறிவர். மீனம்பாக்கத்தில் எடுத்த படங்களில் பரங்கிமலை அவ்வாறே சான்று கூறும். விமானத்தின் பெயரைக் கண்டுபிடிக்க வெளிநாட்டு அறிஞர் உதவலாம். மலையின் பெயரைச் சொல்ல அவ்வூரில் வாழ்பவரே வேண்டும்.

மிகப் பழைய படங்களில் இடர் மிகுதி. 1911-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள், ஆன்றி பெக்கே என்னும் பிரெஞ்சு விமானி, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்களோடு அலகாபாத்திலிருந்து ஆற்றைக் கடந்து நைனிக்குப் பறந்தார். அரசின் இசைவோடு நிகழ்ந்த முதல் விமான அஞ்சல் அதுவே. அவர் ஓட்டியது, சொம்மே என்பவரின் அமைப்பைப் பின்பற்றி அம்பர் நிறுவனம் கட்டிய ஈரடுக்கு விமானம். அதே பருவத்தில் பிரிஸ்டல் நிறுவனத்தின் பாக்ஸ்கைட் விமானமும் கல்கத்தாவிலும் தக்காணத்திலும் பறந்து காட்டப்பட்டது. இரண்டும் மூங்கிற்பந்தல் பறந்தாற்போல் தோன்றும். இரண்டிலும் எஞ்சின் விமானிக்குப் பின்னே. இரண்டிலும் ஏற்ற இறக்கத்தைக் காக்கும் தட்டு முன்னே நீண்டிருக்கும். வாலை நோக்கினால் வேறுபாடு விளங்கும்: பாக்ஸ்கைட்டில் படுக்கைத் தட்டுகள் மேலும் கீழுமாக இரண்டு; சொம்மே வகையில் ஒன்றே.

அதற்கும் முன்பு, 1910-ஆம் ஆண்டில், சென்னையில் விடுதி நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர் தாமே ஒரு விமானத்தை வரைந்து, சிம்ப்சன் நிறுவனத்தாரைக் கொண்டு கட்டுவித்து, பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். பின்னர்ச் சென்னைத் தீவுத்திடலில் மக்கள் முன்னிலையிலும் பறந்து காட்டினார். இத்தகைய விமானத்தை நிழலுரு அட்டைகளைக் கொண்டு அறிய முடியாது. தொழிற்சாலையில் நூறு நூறாகச் செய்யப்பட்டது எதனோடும் அது பொருந்தாது. ஏனெனில், அதுபோல் வேறொன்று இல்லை. அங்கே நாட்குறிப்பும் அக்காலச் செய்தித்தாளுமே துணை. ‘எந்த வகையோடும் பொருந்தவில்லை’ என்பதும் ஒரு விடையே. அவசரப்பட்டு ஏதேனும் ஒரு பெயரை ஒட்டிவிடுவோர் இதனை உணர்வதில்லை.

பொருந்தாதது போல் தோன்றிப் பொருந்துவனவும் உண்டு. 1940-ஆம் ஆண்டு இறுதியில் வால்சந்த் ஈராசந்த் முயற்சியால் பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை அமைந்தது. அங்கே முதன்முதலாக ஒன்றிணைத்து, 1941-ஆம் ஆண்டு சூலையில் வெளிக்கொணரப்பட்ட விமானம் ஆர்லோ என்னும் அமெரிக்கப் பயிற்சி விமானமாகும். அடியில் அமைந்த இறக்கையும், வட்ட எஞ்சினும், ஒருவர் பின் ஒருவராக இரண்டு இருக்கைகளும் உடையது. மிகச் சிலவே செய்யப்பட்டமையால், விமானங்களில் நன்கு பழகியவர்களும் அதன் படத்தைக் கண்டு திகைப்பர். அதன் பிறப்பு சுவையானது. அமெரிக்காவில் பாசடீனா என்னும் ஊரின் கல்லூரி ஒன்றில் மாக்ஸ் ஆர்லோ என்னும் ஆசிரியர், தம் மாணவர்களுக்குப் பாடப்பயிற்சியாக ஒரு விமானத்தை வரையவும் கட்டவும் கற்பித்தார். 1937-ஆம் ஆண்டில் அது பறந்தது. அந்த வகுப்பறை விமானத்தின் வழிவந்ததே பெங்களூரில் இணைக்கப்பட்டது. நம் நாட்டுப் பெருந்தொழில் ஒன்றின் முதற்பக்கத்தில், பெயர் தெரியாத ஒரு படமாக அஃது ஒட்டப்பட்டிருந்தால், அந்த மாணவர்களின் கதையும் அதனோடு மறைந்திருக்கும்.

படத்துக்கு மாறாக உடைந்த துண்டே கிடைப்பதும் உண்டு, முறை ஒன்றுதான். ஐரோப்பாவின் மான்ட் பிளாங்க் மலைமேல் ஏர் இந்தியாவின் விமானங்கள் இரண்டு மோதி அழிந்தன. 1950-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் மோதியது ‘மலபார் பிரின்சஸ்’; அதிலிருந்த 48 பேரும் இறந்தனர். 1966-ஆம் ஆண்டு சனவரி 24-ஆம் நாள் ஏறத்தாழ அதே இடத்தில் மோதியது ‘கஞ்சன்ஜங்கா’. 117 பேர் மாண்டனர். அணு அறிவியலார் ஓமி பாபா அவர்களுள் ஒருவர். மலைமேல் வீழ்ந்தவற்றைப் பனி மூடியது. பனியாறு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கீழே நகர்ந்து, தான் விழுங்கியதை இன்றும் அடிவாரத்தில் உமிழ்ந்து வருகிறது. கிடைத்த துண்டு எந்த விமானத்தினுடையது? இரு விமானங்களுள் எதில் சென்றவரின் உறவினருக்குச் செய்தி சொல்வது?

மலபார் பிரின்சஸ், சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த நான்கு எஞ்சின்களும் முன்விசிறிகளும் மூன்று சுக்கான்களும் கொண்ட கான்ஸ்டலேஷன் வகை. கஞ்சன்ஜங்கா, தாரை எஞ்சின்களால் இயங்கிய போயிங் 707. ஆகவே, பனியில் கிடைத்தது சிலிண்டராயின் அது 1950. தாரை எஞ்சினின் சுழல்தகடாயின் அது 1966. இருக்கைத் துண்டோ துணியோ கிடைத்தால் முடிவு கூறுவது கடினம். 2012-ஆம் ஆண்டில் இந்திய வெளியுறவுத் துறையின் அஞ்சற்பை ஒன்று கிடைத்தது. அது கஞ்சன்ஜங்காவில் சென்றது என்பது உறுதியாயிற்று. 2020-ஆம் ஆண்டில் நனைந்த செய்தித்தாள்கள் சில கிடைத்தன. அவற்றைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வெயிலில் உலர்த்தியபோது, இந்திரா காந்தி பிரதமராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி, ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் படிக்கும் நிலையில் இருந்தது.